மின்சாரக் காருக்கு எச்.யு.டி. தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரக் கார் வாங்கப்போகிறவர்களும் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டர் இருக்கிற காருக்கு எச்.யு.டி. (ஹெட்-அப் டிஸ்ப்ளே, அதாவது வேகத்தை ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே கண்ணாடியில் காட்டும் வசதி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. மீட்டரே இல்லாத காருக்கு அது கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

எச்.யு.டி-ன்னா என்ன சார்? கண்ணாடியில டிவி ஓடுற மாதிரி இருக்குமா?

அப்படி இருக்காது. டேஷ்போர்டுக்குள் உள்ளங்கையளவு திரை ஒன்று புதைந்திருக்கும். அதன் வெளிச்சம் வளைந்த ஆடிகளில் பட்டு, முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பிரதிபலித்து உங்கள் கண்ணுக்கு வரும். எண் கண்ணாடியில் ஒட்டியதுபோல் தெரியாது. இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி, பானட்டின் முனைக்கு மேலே மிதப்பதுபோல் தெரியும். பெரும்பாலும் வேகம், வேக வரம்பு, அடுத்த திருப்பம் ஆகிய மூன்றுதான் அதில் வரும்.

போர் விமானங்களிலிருந்து இறங்கி வந்த சங்கதி இது. காரில் முதலில் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ், 1988இல், ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீமில். நம்மூரில் மாருதி பிரெஸ்ஸா, பலேனோ போன்றவற்றில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் முன்கண்ணாடியில் விழாது; டேஷ்போர்டிலிருந்து எழுந்து நிற்கிற ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் விழும். விலை குறைந்த முறை அது. வேலையைச் செய்யும்.

இந்தக் கேள்வி எலெக்ட்ரிக் காருக்கு மட்டும் எதுக்கு? பெட்ரோல் கார்லயும் ஸ்பீடு பாக்கணும்தானே?

பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பெட்ரோல் கார்க்காரர் மீட்டரைப் பார்க்காமலே பாதி வேகத்தைக் காதால் தெரிந்துகொள்கிறார். மூன்றாவது கியரில் எஞ்சின் எந்தச் சுருதியில் முனகினால் 40 என்று அவருக்குப் பழகியிருக்கும். கியர் மாற்றுவதே ஒரு நினைவூட்டல். மின்சாரக் காரில் இரண்டும் கிடையாது. ஒரே கியர், 40இலும் 90இலும் மோட்டார் ஏறக்குறைய அதே மௌனம். அழுத்தினால் தயங்காமல் ஏறும். மஹிந்திரா பிஇ 6 நின்ற இடத்திலிருந்து 100ஐத் தொட 6.7 விநாடி போதும் என்று நிறுவனமே சொல்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டால் ஓட்டுநர் தன் வேகத்தை உண்மையைவிடக் குறைவாகவே கணிக்கிறார் என்பது சோதனைகளில் பலமுறை தெரியவந்த விஷயம்.

இதைப் பெரிதுபடுத்தவும் வேண்டாம். 50, 60ஐத் தாண்டிவிட்டால் எந்தக் காரிலும் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும்தான் ஓங்கி நிற்கும். அதனால் நெடுஞ்சாலையில் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. சிக்கல் ஊருக்குள்தான். 30இல் போக வேண்டிய தெருவில் 50இல் போய்க்கொண்டிருப்பீர்கள், உடம்புக்கு உறைக்காது.

டெஸ்லாவுல ஸ்பீடு நடு ஸ்கிரீன்லதான் வருதாமே? அதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க ஓட்டுறது?

மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் அப்படித்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வெறும் டேஷ்போர்டு. நடுவில் இருக்கும் பெரிய திரையில், ஓட்டுநர் பக்கத்து மேல்மூலையில் வேகம் வரும். 2025 ஜூலையில் மும்பையில் விற்பனைக்கு வந்த மாடல் ஒய்யிலும் மீட்டரும் இல்லை, எச்.யு.டி-யும் இல்லை. அதே ஆண்டு இந்தியாவுக்கு வந்த வால்வோ இஎக்ஸ்30இலும் இதே கதைதான்.

சில நாளில் பழகிவிடும் என்று அவற்றை ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். பழகுவது உண்மை. ஆனால் பழகியது கழுத்தும் கையும்தான், தூரம் மாறவில்லை. கண் சாலையை விட்டுக் கீழேயும் பக்கவாட்டிலும் நகர்ந்து, முக்கால் மீட்டர் தள்ளியிருக்கும் திரையில் குவிந்து, எண்ணைப் படித்து, மறுபடி சாலைக்குத் திரும்பிக் குவிய வேண்டும். இதற்கு ஒரு விநாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர். ஊருக்குள் 60இல் போனாலும் 17 மீட்டர். அந்த 17 மீட்டருக்குள் ஷேர் ஆட்டோ ஒன்று ஓரங்கட்டி ஆளை இறக்கிவிட்டிருக்கும். இந்த வகைக் காரில் எச்.யு.டி. கொடுக்காதது சிக்கனம்தான்; எளிமை என்று பெயர் சூட்டி விற்கிறார்கள்.

எங்க கார்ல ஸ்டீயரிங் பின்னாடியே மீட்டர் இருக்கு. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?

உங்களுக்கு அவசியமில்லை. மீட்டர் நேர் கீழே இருப்பதால் கண்ணை மட்டும் இறக்கி ஏற்றினால் போதும், பக்கவாட்டு நகர்வு கிடையாது. சாலையில் முன்னால் ஏதாவது அசைந்தால் ஓரப்பார்வைக்குத் தட்டுப்படும். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கில் எச்.யு.டி. இல்லை. ஆனால் கண்ணுக்கு நேரே 10.25 அங்குலத் திரையில் வேகம் கொட்டை எழுத்தில் வருகிறது. அதை ஓட்டுகிறவர் எச்.யு.டி. இல்லையே என்று ஏங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் சீட், உங்கள் உயரம், ஸ்டீயரிங்கை வழக்கமாக வைக்கிற நிலை. இந்த நிலையில் ஸ்டீயரிங் வளையத்தின் மேல்விளிம்பு வேக எண்ணை மறைக்கிறதா? மறைத்தால் ஸ்டீயரிங்கையோ சீட்டையோ மாற்றுங்கள். அதற்கு மேலும் மறைத்தால் மட்டும் எச்.யு.டி. பற்றி யோசிக்கலாம்.

எனக்கு 52 வயசாகுது, வெள்ளெழுத்து. தூரம் நல்லாத் தெரியுது, மீட்டர்தான் மசங்கலா இருக்கு. எனக்கு இது உதவுமா?

உதவும். முந்தைய பதிலுக்கு விதிவிலக்கு நீங்கள்தான். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் விறைத்து, கிட்டத்தில் குவிக்கும் சக்தி குறைகிறது. முக்கால் மீட்டரில் இருக்கும் மீட்டரைத் தெளிவாகப் படிக்க 1.3 டயாப்டர் (குவிக்கும் சக்தியின் அளவு) அளவுக்குக் கண் குவிய வேண்டும். இரண்டரை மீட்டரில் மிதக்கும் எண்ணுக்கு 0.4 டயாப்டர் போதும். அதனால்தான் மீட்டர் மசங்குகிறவர்களுக்கும் எச்.யு.டி. எண் பளிச்சென்று தெரிகிறது. சாலையிலிருந்து எண்ணுக்கும் எண்ணிலிருந்து சாலைக்கும் தாவும்போது கண்ணுக்கு வேலை குறைவு.

காரில் உட்கார்ந்ததும் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம். மீட்டர் தெரியும், முன்னால் போகிற லாரியின் பிரேக் விளக்கு மங்கிவிடும்.

அப்போ எச்.யு.டி-க்காகவே டாப் வேரியண்ட் போகலாமா?

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். நம் சந்தையில் அது தனியாகக் கிடைப்பதில்லை, பொட்டலத்தோடுதான் வரும். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டிலும் உயர்ந்த பேக்கில்தான் எச்.யு.டி. வைத்தார்கள். கூடவே பெரிய பேட்டரி, கூடுதல் ஓட்டுநர் உதவி வசதிகள் எல்லாம் வரும். அவை உங்களுக்குத் தேவையென்றால் எச்.யு.டி. உபரி லாபம். தேவையில்லையென்றால், ஒரு எண்ணைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் காட்ட லட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள்.

இரண்டு கார்களுக்கு நடுவில் ஊசலாடுகிறவர்களிடம் நான் சொல்வது: டயர், பிரேக், ஹெட்லைட் மூன்றையும் ஒப்பிட்டு முடித்த பிறகும் சமமாக இருந்தால், எச்.யு.டி. இருப்பதை எடுங்கள்.

வெயில்ல தெரியுமா? மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டுல?

நல்ல எச்.யு.டி. தெரியும். வெளிச்சத்துக்கேற்பத் தானே பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளும். கஷ்டமான நேரம் உச்சி வெயில் இல்லை. காலையிலும் மாலையிலும் சூரியன் நேர் எதிரே தாழ்ந்து நிற்கும்போதுதான் எண் வெளுத்துப்போகும். புத்தம்புது கான்கிரீட் சாலையின் வெள்ளைப் பின்னணியிலும் அப்படித்தான். டேஷ்போர்டு மேல் வெள்ளைத் துண்டோ பளபளக்கும் சாமி சிலையோ வைத்திருந்தால் அதன் பிம்பமும் கண்ணாடியில் விழுந்து எண்ணோடு சண்டை போடும். எச்.யு.டி-யின் பள்ளத்து மேல் எதையும் வைக்காதீர்கள். பார்க்கிங் ரசீது போடும் இடமாக அதை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

கூலிங் கிளாஸ் போட்டா எண் காணாமலே போயிடுது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, உங்கள் கூலிங் கிளாஸ் போலரைஸ்டு. சாலையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற கூசும் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது. அதைத் தடுக்கத்தான் அந்தக் கண்ணாடி. முன்கண்ணாடியில் பட்டு வரும் எச்.யு.டி. வெளிச்சமும் கிட்டத்தட்ட அதே திசையில் அதிர்வதால் அதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், எண் மெல்ல எழும்பி வரும். கடையில் சாதாரண டிண்ட் கண்ணாடி கேட்டு வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

என் பொண்ணு ஓட்டுறப்ப அவளுக்குத் தெரியுது, நான் உக்காந்தா பாதி எண்தான் தெரியுது. ஏன்?

எச்.யு.டி. பிம்பம் தெரிவதற்கென்று காற்றில் ஒரு சின்னப் பெட்டியளவு இடம் இருக்கிறது. கண் அதற்குள் இருந்தால் முழு எண்ணும் தெரியும். மேலே கீழே போனால் வெட்டுப்படும். செட்டிங்கில் பிம்பத்தின் உயரத்தை ஏற்றி இறக்கலாம். சீட் மெமரி இருக்கிற கார்களில் சிலவற்றில் இந்த உயரத்தையும் ஆளுக்கொன்றாகச் சேமிக்கலாம். வீட்டில் மூன்று பேர் ஓட்டுவதென்றால், வாங்குவதற்கு முன் மூவரும் ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ரொம்ப உயரமானவர்களுக்கும் ரொம்பக் குள்ளமானவர்களுக்கும் சில கார்களில் எந்த செட்டிங்கிலும் சரிவராது.

ஆன்லைன்ல ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு டப்பா விக்கிறாங்களே, அதை வாங்கி மாட்டிக்கலாமா?

இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று காரின் ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்க மெக்கானிக் தன் கருவியைச் செருகும் இடம்) செருகி, காரிடமே வேகத்தைக் கேட்டு வாங்குவது. பெட்ரோல், டீசல் கார்களுக்காக வகுத்த கேள்வி-பதில் முறை அது. மின்சாரக் கார்கள் பலவும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, அல்லது வேறு மொழியில் சொல்லும். மாட்டினால் 0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். சில கார்களில் அதை எந்நேரமும் செருகியே வைத்தால் 12 வோல்ட் பேட்டரியும் இறங்கும். வாரண்டி பேச்சு வந்தால் சர்வீஸ் சென்டர்காரர் முதலில் காட்டப்போவதும் அந்த டப்பாவைத்தான்.

மற்றது ஜிபிஎஸ் வகை. யுஎஸ்பி மின்சாரம் மட்டும் போதும், காரின் மூளையைத் தொடாது. மின்சாரக் காருக்கு வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். சுரங்கப்பாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் தடுமாறும், திடீரென்று பிரேக் போட்டால் எண் ஒரு நொடி பிந்தி வரும். டெஸ்லா மாதிரி மீட்டரே இல்லாத காருக்கு நான் சிபாரிசு செய்வேன். மற்றவர்கள் அந்தக் காசுக்கு நல்ல வைப்பர் பிளேடு வாங்கலாம்.

எந்த வகையானாலும் ஏர்பேக் மூடிமேல் ஒட்டாதீர்கள். வழுக்காத பாயில் சும்மா வைத்தாலும் விபத்தில் பறந்துவரும். அழுத்தமான ஒட்டு வேண்டும்.

அந்த டப்பா 92 காட்டுது, கார் மீட்டர் 97 காட்டுது. யார் சொல்றது நிஜம்?

நேர் சாலையில், ஒரே சீரான வேகத்தில், திறந்த வானத்தின் கீழ் என்றால் ஜிபிஎஸ்தான் உண்மைக்குக் கிட்டே. கார் மீட்டர் வேண்டுமென்றே கூட்டிக் காட்டும். ஐ.நா. வாகன விதி 39இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. உண்மை வேகம் 92 என்றால் 105 வரை காட்டினாலும் அந்த விதிக்குள்தான். உங்கள் 97 நல்ல பிள்ளை.

கம்பெனி எச்.யு.டி-யில் இந்தக் குழப்பம் வராது. மீட்டருக்கும் அதற்கும் ஒரே இடத்திலிருந்துதான் தகவல் போகிறது.

போன்ல ஆப் போட்டு டேஷ்போர்டுல மல்லாக்க வெச்சா கண்ணாடியில தெரியுதே, அது போதாதா?

இரவில் தெரியும், பகலில் தெரியாது. மேலும் இரண்டு எண் தெரியும், ஒன்றின் மேல் ஒன்று நிழல் அடித்தாற்போல். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன். நம் வெயிலில் டேஷ்போர்டில் மல்லாக்க வைத்த போன் சூடேறித் தானே அணைந்துவிடும். அந்த ஆப் வேடிக்கை காட்டத்தான் லாயக்கு.

கண்ணாடியில கல்லடிச்சு விரிசல் விட்டுடுச்சு. வெளி கடையில பாதி விலைக்கு மாத்தித் தர்றேங்கறாங்க. மாத்தலாமா?

எச்.யு.டி. உள்ள கார் என்றால், அது எச்.யு.டி-க்கான கண்ணாடிதானா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். உள்பக்க முகத்தில் ஒரு பிம்பம் விழும், வெளிப்பக்க முகத்தில் இன்னொன்று சற்றுத் தள்ளி விழும். போன் ஆப்பில் நிழல் அடிப்பது இதனால்தான். எச்.யு.டி. கார்களின் கண்ணாடியில் அந்தப் படலத்தை மேலே தடிமனாகவும் கீழே மெல்லியதாகவும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆப்புப்போல் செய்து, இரண்டு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியை மாட்டினால் 80 என்பது இரட்டை 80 ஆகத் தெரியும். அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது.

நம் மோட்டார் இன்சூரன்ஸில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. அதனால் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் ஒரிஜினல் போடுவதில் பெரிய நஷ்டம் வராது. நோ கிளெய்ம் போனஸ் போகுமா என்பதை மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றியதும் அதை மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். வெளிக் கடைகள் பெரும்பாலும் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கண்ணு முன்னாடியே எண் மிதந்துக்கிட்டே இருந்தா கவனம் செதறாதா?

இத்தனை கேள்விகளில் உருப்படியானது இது. விற்கிறவர் யாரும் இதைப் பேசமாட்டார். எண்ணும் சாலையும் ஒரே திசையில் இருப்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். கண் பார்ப்பது வேறு, மனம் கவனிப்பது வேறு. 1980 வாக்கில் நாசா விமானிகளை சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தது. எச்.யு.டி. பார்த்தபடி தரையிறக்கிய அனுபவசாலிகளில் சிலர், ஓடுபாதையில் குறுக்கே நின்ற இன்னொரு விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அது அவர்கள் கண்ணுக்கு நேரேதான் இருந்தது.

அதனால் எச்.யு.டி-யில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாட்டுப் பெயர், அழைப்பவர் பெயர், பேட்டரி சதவீதம், காம்பஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வேகமும் திருப்ப அம்புக்குறியும் போதும். பிரகாசத்தைப் படிக்க முடிகிற மட்டத்துக்கு இறக்குங்கள். இரவில், விளக்கில்லாத ஊரகச் சாலையில், பளீரென்ற எண்ணுக்குப் பின்னால் கறுப்பு எருமை நின்றால் தெரியாது. அந்தச் சாலைகளில் நான் அதை முழுக்க அணைத்தே ஓட்டுகிறேன்.

ஏஆர் எச்.யு.டி-ங்கறாங்களே, ரோட்டு மேலேயே அம்பு போடுதாம். அது இன்னும் பாதுகாப்பா?

பிம்பத்தை இன்னும் தள்ளி, ஏழெட்டு மீட்டருக்கும் அப்பால் தெரியவைத்து, அம்புக்குறி சாலைமேல் கிடப்பதுபோல் காட்டுவது இது. ஏஆர் என்றால் ஆக்மென்டட் ரியாலிட்டி, நிஜக் காட்சிமேல் படம் ஏற்றிக் காட்டுவது. வெள்ளெழுத்துக்காரருக்கு இன்னும் வசதி. அம்பு சரியான தெருவில் விழுந்தால் அருமை. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினால் பக்கத்துச் சந்துக்கு அம்பு போடும், மேம்பாலமா சர்வீஸ் ரோடா என்ற இடத்தில் உங்களைக் கடைசி நொடியில் இழுத்தடிக்கும். முந்தைய பதிலில் சொன்ன கவனச் சிக்கல் இதில் கூடுமே தவிரக் குறையாது. நான் ஏஆரை அணைத்துவிட்டு வெறும் எண்ணை வைத்துக்கொள்வேன்.

பேட்டரி குடிக்குமா? ரேஞ்ச் குறையுமா?

சில பத்து வாட் விஷயம். ஏசி இழுப்பது கிலோவாட் கணக்கில். மறந்துவிடுங்கள்.

எச்.யு.டி. இருந்தா ஓவர் ஸ்பீடு ஃபைன்லேருந்து தப்பிக்கலாம்ல?

அது எண்ணைக் காட்டும், காலைப் பிடித்து இழுக்காது. சென்னையில் 2023 நவம்பரில் காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று போக்குவரத்துக் காவல்துறை வரம்பு வைத்தது. 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் கட்டாயமாக இருக்கிற எச்சரிக்கை ஒலியோ 80ஐத் தாண்டினால்தான் விட்டு விட்டு அடிக்கும், 120ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். ஊருக்குள் அது உங்களுக்கு உதவாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவில் காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை.

இதற்கு எச்.யு.டி-யைவிட நல்ல மருந்து, உங்கள் காரில் இருந்தால், வேகக் கட்டுப்பாட்டு வசதி (ஸ்பீடு லிமிட்டர்). 60 என்று வைத்துவிட்டால் மிதித்தாலும் அதற்கு மேல் ஏறாது. அவசரத்துக்கு அடிவரை அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். சத்தமில்லாத காரில் வேகம் தெரியாமல் ஏறுவதுதான் நோய் என்றால், காட்டுவதைவிடத் தடுப்பது மேல். எச்.யு.டி-யில் வரும் வேக வரம்புப் பலகை எண்ணை முழுதாக நம்பாதீர்கள். சர்வீஸ் ரோட்டுப் பலகையின் 30ஐ நெடுஞ்சாலையில் காட்டிவிடக்கூடும்.

கொஞ்ச வருஷத்துல மீட்டரே இல்லாம எல்லாம் கண்ணாடிக்கே போயிடும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் காத்திருக்கலாமா?

பிஎம்டபிள்யூ அந்தப் பக்கம் போய்விட்டது. 2025இல் காட்டிய புதிய ஐஎக்ஸ்3இல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டர் கிடையாது. முன்கண்ணாடியின் அடியில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கறுப்புப் பட்டை பூசி, அதில் வேகத்தையும் மற்றவற்றையும் விழவைக்கிறார்கள். பின்னணி கறுப்பு என்பதால் வெயில், வெள்ளைச் சாலை என்று மேலே சொன்ன தொல்லைகள் குறையும். வழக்கமான மிதக்கும் எச்.யு.டி. அதற்கு மேல் தனி.

மீட்டரை எடுத்தவர்கள் அதைவிட உயரத்தில், ஓட்டுநருக்கு நேரே வேறொன்றை வைத்தார்கள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எடுத்துவிட்டு நடுத்திரையைக் கைகாட்டினால்தான் ஆட்சேபணை. இதற்காகக் காத்திருக்க வேண்டாம். இப்போதே கார் தேவையென்றால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நல்ல மீட்டர் இருக்கிற ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். டெஸ்ட் டிரைவின்போது சேல்ஸ்மேனின் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, 30 வரம்புள்ள தெருவில் மீட்டரைப் பார்க்காமல் 30 என்று தோன்றும் வேகத்துக்குப் போய், பிறகு எண்ணைப் பாருங்கள். 45 என்றிருந்தால், அந்தக் காரில் எண் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு முக்கியம்.